உடைந்தது கட்டில்... பொறுப்பு யார் தலையில்?

சீர்வரிசை பீரோ முதல் ஆன்லைன் அலமாரி வரை: இறக்கும்போதும் மாட்டும்போதும் சேதமானால் நியாயமான இழப்பீடு கிடைக்க வழி என்ன?

முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் ரிஷிவந்தியம் சுற்றுவட்டாரத்தில் குட்டியானை வண்டிகளுக்கு ஓய்வே கிடையாது. கட்டில், மெத்தை, பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள் என்று மொத்தத்தையும் கயிறு போட்டு இறுக்கி, கள்ளக்குறிச்சியிலிருந்தும் திருக்கோவிலூரிலிருந்தும் தியாகதுருகத்திலிருந்தும் மாப்பிள்ளை வீட்டு வாசல்களுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பெண்ணைப் பெற்றவர் ஒரு வருடமாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அந்த வண்டியில் போகிறது.

வழக்கமாக வரும் வினையும் அந்த வாசலில்தான் ஆரம்பிக்கிறது. நிலைப்படியில் இடித்து நசுங்கிய பீரோ, கயிறு அழுந்தி மைக்கா பெயர்ந்த டேபிள், ஸ்க்ரூ பிடிக்காமல் ஆடும் கட்டில் கால். கடைக்குப் போன் போட்டால், "இங்கேயிருந்து கிளம்பும்போது நல்லாத்தான் இருந்துச்சுண்ணே" என்பார்கள். டிரைவரைக் கேட்டால், "நான் வாடகைக்கு ஓட்டுறவன், ஏத்தினது கடை ஆளுங்க" என்பார். மாட்ட வந்தவர், "துளையே சரியா இல்லைங்க, கம்பெனியிலேயே அப்படித்தான் வந்திருக்கு" என்று கையை விரிப்பார்.

சம்பந்தி வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு இதைப் பெரிய பேச்சாக்க எந்தத் தகப்பனுக்கும் மனம் வராது. "கல்யாணம் நல்லபடியா முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார். அந்த 'அப்புறம்' வரும்போது பில் இருக்காது, அட்டைப்பெட்டி அடுப்புக்குப் போயிருக்கும், கீறல் வந்து இறங்கியபோதே இருந்ததா, குழந்தைகள் விளையாடியதில் வந்ததா என்று கடைக்காரர் கேட்பார். இழப்பீட்டு வழக்குகள் பல தோற்பது சட்டத்தில் ஓட்டை இருப்பதால் இல்லை. முதல் நாள் கைநழுவிய ஆதாரத்தால்தான்.

பில் அப்பா பெயரில், கட்டில் மகள் வீட்டில்

சீர்வரிசைப் பொருளில் முதல் குழப்பமே, புகார் கொடுக்க வேண்டியவர் யார் என்பது. பணம் கட்டியவர் அப்பா. பயன்படுத்துபவர் மகள். இருவரும் இருப்பது வேறு வேறு ஊர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கியவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். முழுப் பணமும் கொடுத்திருக்க வேண்டும் என்றில்லை. பாதி கொடுத்து மீதியைத் தவணையில் கட்டுபவருக்கும் அதே உரிமை உண்டு.

1986-ல் வந்த பழைய சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. சிறு ஊர்க்காரர்களுக்கு அதில் கிடைத்த பெரிய வசதி ஒன்று உண்டு. முன்பெல்லாம் எதிர்த்தரப்பின் அலுவலகமோ கிளையோ எங்கே இருக்கிறது, பிரச்சினை எங்கே முளைத்தது என்பதை வைத்துத்தான் வழக்கு எந்த ஊரில் என்று முடிவாகும். இப்போது புகார்தாரர் குடியிருக்கும் இடத்துக்கு உரிய மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பெங்களூரு கம்பெனியிடம் ஆன்லைனில் அலமாரி வாங்கிய ரிஷிவந்தியத்துக்காரர் பெங்களூருக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

கடை, வண்டி, ஃபிட்டர் என்ற மூன்று கைகளில் யாரைப் பிடிப்பது? பில் கொடுத்தவரை முதலில் பிடிக்க வேண்டும். வீட்டில் இறக்கி, மாட்டிக் கொடுப்பதாகச் சொல்லித்தான் கடை விற்றிருக்கிறது என்றால், வண்டியும் ஃபிட்டரும் அந்தக் கடையின் கைகளே. அவர்களுக்குள் யார் தப்பு என்பது அவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. புகாரில் கடை, உற்பத்தி நிறுவனம், பார்சல் சர்வீஸ், மாட்டிக் கொடுத்த நிறுவனம் எல்லோரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிட்டால், ஒருவர் வராதவரைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது.

மலை ஏறும் பீரோ

கல்வராயன் மலைக்குப் பொருள் போகும்போது கணக்கு கொஞ்சம் மாறும். கோமுகி அணைப் பக்கம் கச்சிராயபாளையம் வரை கடை வண்டி வரும், அதற்கு மேல் வெள்ளிமலைக்கு "நீங்களே வண்டி பார்த்துக்கோங்க" என்று கடை சொல்லிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் தானே வேறு வண்டி பிடித்து ஏற்றுகிறார். கொண்டை ஊசி வளைவில் பீரோ சாய்ந்து கண்ணாடி உடைகிறது.

இங்கே 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் குறுக்கே வரும். வேறு விதமாகப் பேசிக்கொள்ளாதவரை, வாங்குபவருக்கு அனுப்புவதற்காகப் பொருளை வண்டிக்காரரிடம் ஒப்படைத்தாலே வாங்கியவரிடம் கொடுத்த மாதிரிதான் என்கிறது அந்தச் சட்டம். ஆகவே அடிவாரத்தில் மாற்றி ஏற்றிய பிறகு நடந்த சேதத்துக்குக் கடையைக் கேட்பது கடினம். அதுவே 'வெள்ளிமலையில் வீட்டு டெலிவரி' என்று பில்லில் எழுதி வாங்கியிருந்தால், வீட்டு வாசல் வரை பொறுப்பு கடையுடையது. மலைவாசிகள் வாகன வாடகையைவிட அந்த ஒரு வரியைத்தான் முதலில் பேரம் பேச வேண்டும்.

அடிவாரத்தில் வண்டி மாற்றியே தீர வேண்டும் என்றால், அங்கேயே பெட்டியைப் பிரித்துப் பார்த்துப் படமெடுத்துக்கொள்வது ஒன்றே வழி. அதுவரை நடந்ததற்குக் கடை பதில் சொல்ல வேண்டும்.

பார்சல் சர்வீஸ் மூலமாக வரும் சரக்குக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 1865-ஆம் ஆண்டு பழைய சட்டத்தை நீக்கி, 2007-ல் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். அது 2011-ல் அமலுக்கு வந்தது. சரக்கு பதிவான நாளிலிருந்து 180 நாளுக்குள் சேதம் பற்றி எழுத்தில் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் வழக்கே போட முடியாது. பொருளின் மதிப்பை ரசீதில் குறிப்பிடாமல் விட்டால், பொறுப்பு பொதுவாகக் கட்டிய வாடகையின் 10 மடங்கோடு நின்றுவிடும். 500 ரூபாய் வாடகையில் வந்த 30,000 ரூபாய் சோபா நாசமானால் 5,000 ரூபாய்தான் மிஞ்சும். ரசீது போடும்போதே மதிப்பை எழுதச் சொல்ல வேண்டும்.

சரக்கு ஏற்றிச் செல்பவர் 'என் கவனக்குறைவை நிரூபி' என்று வாடிக்கையாளர் பக்கம் தள்ளிவிட முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2000-ல் பட்டேல் ரோட்வேஸ் எதிர் பிர்லா யமஹா வழக்கில் சொன்னது. நுகர்வோர் மன்றத்திலும் இந்த விதி செல்லும் என்றது. 2010-ல் எகனாமிக் டிரான்ஸ்போர்ட் எதிர் சரண் ஸ்பின்னிங் மில்ஸ் தீர்ப்பிலும் அதே நிலைப்பாடுதான். கல்கத்தாவுக்குப் போன நூல் பொதிகள் விபத்தில் வீணான வழக்கு அது. திண்டுக்கல் நுகர்வோர் மன்றத்தில் தொடங்கி டெல்லி வரை போனது.

'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்'

டெலிவரி சலானில் இந்த வரி முன்கூட்டியே அச்சாகியிருக்கும். வண்டிக்காரருக்கு அடுத்த ஊருக்குப் போகும் அவசரம். பெட்டியைத் திறக்கும் முன்பே கையெழுத்துக் கேட்பார்.

கையெழுத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு 1996-ஆம் ஆண்டு தீர்ப்பு ஒன்று சாட்சி. பாரதி நிட்டிங் என்ற நிறுவனம் ஜெர்மனிக்குக் கூரியரில் அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேரவில்லை. மாநில ஆணையம் 4 லட்ச ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சொன்னது. ஆனால் கூரியர் சீட்டில் பொறுப்பு 100 டாலர்தான் என்ற நிபந்தனை இருந்தது, அதில் கையெழுத்தும் இருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த 100 டாலரோடு நிறுத்திவிட்டது.

2019 சட்டம் இதில் கொஞ்சம் காற்று வாங்க இடம் விட்டிருக்கிறது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று வரையறுத்து, அத்தகைய நிபந்தனைகளைச் செல்லாது என்று அறிவிக்க மாநில, தேசிய ஆணையங்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில் அடியில் அச்சடித்துவிட்டுக் குறையுள்ள பொருளையும் வாங்க மறுப்பது, நேர்மையற்ற வணிக முறை என்ற பட்டியலில் சேர்ந்துவிட்டது. பில்லில் கெடு போடாவிட்டால், 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் கொடுக்க வேண்டும்.

அதோடு, பார்த்துச் சோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்காதவரை, வாங்கியவர் பொருளை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்று சரக்கு விற்பனைச் சட்டம் சொல்கிறது. சுற்றிக் கட்டிய அட்டைப்பெட்டிக்குப் போட்ட கையெழுத்தை உள்ளே இருக்கும் பலகைக்குப் போட்டதாக நீட்ட முடியாது. இருந்தாலும் வாதாடி நிரூபிப்பதைவிட, சலானிலேயே 'பெட்டி பிரிக்கப்படவில்லை, உள்ளே பார்க்கவில்லை' என்று பேனாவால் ஒரு வரி எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுவது சுலபம். வண்டிக்காரரின் பிரதியிலும் அதை எழுத வேண்டும்.

ஸ்க்ரூ பிடிக்காத பலகை

தேக்குக் கட்டிலில் கீறல் விழுந்தால் இழைத்து, பாலிஷ் போட்டுச் சரிசெய்துவிடலாம். இன்று பெட்டியில் பிரித்து வரும் பெரும்பாலான சாமான்கள் மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு அல்லது எம்.டி.எஃப் பலகை. இதில் ஸ்க்ரூவை ஒரு சுற்று கூடுதலாக முறுக்கினாலே துளை உதிர்ந்துவிடும். உதிர்ந்த துளை மறுபடி ஸ்க்ரூவைப் பிடிக்காது. விளிம்பு பீடிங் பெயர்ந்து தண்ணீர் பட்டால் உப்பிக்கொள்ளும், உப்பியது வற்றினாலும் பழையபடி ஆகாது. ஃபிட்டர் பசையும் தீக்குச்சியும் வைத்து அடைத்துவிட்டு "இனி அசையாதுங்க" என்று சொல்லிப் போவது ஆறு மாதத்துக்குத் தாங்கினால் அதிகம். ஆகவே, 'ரிப்பேர் செய்து தருகிறோம்' என்று கம்பெனி சொல்லும்போது, அந்தப் பலகையையே மாற்றித் தருகிறார்களா, ஒட்டுப் போடுகிறார்களா என்று கேட்டாக வேண்டும்.

பிரித்து அனுப்பி வீட்டில் மாட்டும் முறையை உலகம் முழுக்கப் பரப்பியது சுவீடனின் ஐக்கியா. 1956 வாக்கில் அந்த முறையைக் கையில் எடுத்தது, ஹைதராபாத்தில் 2018 ஆகஸ்டில் முதல் இந்தியக் கடையைத் திறந்தது. அந்த முறை பரவிய இடமெல்லாம் 'மாட்டும்போது கெட்டுப்போனால் யார் பொறுப்பு' என்ற கேள்வியும் கூடவே போனது. ஐரோப்பிய ஒன்றியம் 1999-லேயே பதில் சொல்லிவிட்டது. விற்றவர் தப்பாக மாட்டினாலும், குறிப்புத்தாள் தப்பாக இருந்து வாங்கியவர் தப்பாக மாட்டினாலும், பொருளே குறையுள்ளதாகக் கருதப்படும். ஜெர்மனியில் 2002 முதல் இது சட்டம். அங்கே இந்த விதிக்கு 'ஐக்கியா விதி' என்று செல்லப்பெயரே உண்டு.

நம் நாட்டுச் சட்டத்தில் அப்படித் தனி விதி இல்லை. ஆனால் வழி இருக்கிறது. பலகை கெட்டிருந்தால் 'பொருளில் குறை', மாட்டியது கெட்டிருந்தால் 'சேவையில் குறைபாடு'. புகாரில் இரண்டையும் சேர்த்தே எழுதலாம். அலமாரி ஆளின் மீதே சாய்ந்து காயம் பட்டால், அது 'பொருள் பொறுப்பு' என்ற வேறு அத்தியாயம். பொருளை நிறுவித் தருபவரையும் 2019 சட்டம் அதில் இழுத்து வைத்திருக்கிறது. அமெரிக்காவில் சுவரோடு பிணைக்காத ஐக்கியா டிராயர் அலமாரிகள் சாய்ந்து குழந்தைகள் இறந்ததால், 2016-ல் சுமார் 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. இரண்டு வயதுக் குழந்தையை இழந்த ஒரு குடும்பத்துக்கு 4.6 கோடி டாலர் தர அந்த நிறுவனம் 2020-ல் ஒப்புக்கொண்டது. சுவரில் மாட்டும் சின்ன இரும்புப் பட்டையை "அது தேவையில்லைங்க" என்று ஃபிட்டர் ஓரமாகப் போட்டால் விடக்கூடாது.

எவ்வளவு கேட்டால் நியாயம்?

கோபத்தில் எழுதும் புகாரில் 18,000 ரூபாய்க் கட்டிலுக்கு 10 லட்சம் இழப்பீடு கேட்பவர்கள் உண்டு. அது புகாரைப் பலவீனப்படுத்தும். 2018-ல் டெல்லி நட்சத்திர ஓட்டலில் முடியைத் தப்பாக வெட்டிவிட்டதாக ஒரு பெண் தொடுத்த வழக்கு நாடு முழுக்கப் பேசப்பட்டது. தேசிய ஆணையம் 2 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்துசெய்து, ஆதாரத்தின் அடிப்படையில்தான் தொகை இருக்க வேண்டும் என்று மறுவிசாரணைக்கு அனுப்பியது. ஓட்டலின் சேவைக் குறைபாட்டை அது மறுக்கவில்லை. தொகைக்குக் கணக்குக் கேட்டது.

ஆகவே கணக்கைப் படிப்படியாக எழுத வேண்டும். முதலாவது, பொருள். பலகையை மாற்றினால் போதுமா, முழுப் பொருளையும் மாற்ற வேண்டுமா, பணமே திரும்ப வேண்டுமா? இரண்டாவது, அதனால் கையிலிருந்து போன செலவு. திருப்பி அனுப்பிய வண்டி வாடகை, ஆசாரிக்குக் கொடுத்த கூலி, அவசரத்துக்கு எடுத்த மாற்றுக் கட்டிலின் வாடகை. மூன்றாவது, மன உளைச்சல். இதற்கும் பணம் கேட்கலாம் என்பதை லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே.குப்தா வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிவிட்டது. கல்யாணத்தன்று இரவு கட்டில் உடைந்து நின்ற குடும்பத்தின் சங்கடத்தை ஆணையத்துக்குப் புரியவைக்க, பத்திரிகையில் இருக்கும் முகூர்த்தத் தேதியும் பில்லில் இருக்கும் டெலிவரித் தேதியும் போதும். நான்காவது, வழக்குச் செலவு.

சேதத்தின் மதிப்பைச் சொல்ல யாரைத் தேடுவது? மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டம் கள்ளக்குறிச்சி. மரத்தைத் தொட்டுப் பார்த்தே ஜாதி சொல்லும் ஆசாரிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. 'இன்ன பாகம் உடைந்திருக்கிறது, ரிப்பேருக்கு இவ்வளவு ஆகும், ரிப்பேர் செய்தாலும் பழைய பலம் வராது' என்று ஓர் ஆசாரி தேதியிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் கொட்டேஷன், புகார்தாரரின் பத்துப் பக்கப் புலம்பலைவிட எடை கூடியது. அவரையே சாட்சிப் பத்திரம் கொடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

பாக்கிப் பணம் கையில் இருப்பவருக்கு இன்னொரு பிடி இருக்கிறது. தரத்தில் வாக்குத் தவறினால், அந்த இழப்பை விலையில் கழித்துக்கொள்ள சரக்கு விற்பனைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ஃபைனான்ஸ் கம்பெனித் தவணையில் இதைச் செய்யக் கூடாது. அது தனி ஒப்பந்தம். கட்டாமல் விட்டால் சிபில் மதிப்பெண்தான் அடிவாங்கும். தவணையைக் கட்டிக்கொண்டே கடைக்கும் ஃபைனான்ஸுக்கும் நோட்டீஸ் அனுப்புவதே புத்திசாலித்தனம்.

எங்கே போவது?

முதலில் கடைக்கு எழுத்துப்பூர்வமாக. ஆன்லைன் நிறுவனம் என்றால் அதற்கென்று குறைதீர்ப்பு அதிகாரி இருந்தாக வேண்டும். 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். வழக்கில்லாமல் இங்கேயே முடிந்துவிடும் புகார்கள் உண்டு. கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்தாலும் வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்குப் போய்ச் சேரும்.

அதிலும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்ச ரூபாய் வரை இருந்தால் அங்கேதான். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும். புகாரை ஆன்லைனில் பதிவு செய்யலாம். 2025 ஜனவரி முதல் அதற்கான தளம் இ-ஜாக்ரிதி. எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், கூடுதலாக 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. ஆய்வகச் சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் வாய்தா வாய்தாவாக இழுக்கும். இரு தரப்பும் சம்மதித்தால் சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பது, பல சமயம் கட்டில் சீக்கிரம் மாறும் வழி.

> அன்றைக்கே செய்ய வேண்டியவை
>
> வண்டியிலிருந்து இறக்கும் முன்பே பெட்டியை நான்கு பக்கமும் படமெடுங்கள். பிரிப்பதையும் மாட்டுவதையும் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். பெட்டி லேபிள், மாடல் எண் தெளிவாக விழ வேண்டும்.
>
> சேதம் தெரிந்தால் சலானில் எழுதி, வந்தவரின் கையெழுத்தை வாங்குங்கள். போட மறுத்தால், 'மறுத்தார்' என்று நேரத்தோடு குறியுங்கள்.
>
> அன்றிரவே கடையின் வாட்ஸ்அப்புக்கும் மின்னஞ்சலுக்கும் படங்களை அனுப்புங்கள். போனில் பேசியதை, "நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று ஒரு செய்தியாகப் பதிந்துவிடுங்கள்.
>
> பெட்டி, தெர்மாகோல், மிச்ச ஸ்க்ரூ எதையும் எறியாதீர்கள். படம் எடுத்த போனை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம்.

கூலி வெட்டு யாருக்கு?

வாடிக்கையாளர் வாங்கும் இழப்பீட்டைச் சில முதலாளிகள் லோடுமேன், ஃபிட்டர் கூலியில் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு நடைக்கு இவ்வளவு என்று வாங்குபவர்கள் அவர்கள். இரண்டு பேர் தூக்க வேண்டிய பீரோவை அவசரத்தில் ஒருவர் தோளில் ஏற்றிவிட்டு, உடைந்தால் ஒரு வாரக் கூலியை வெட்டுவது எந்த ஊர் நியாயம்? தொழிலாளியின் கவனக்குறைவுதான் நேரடிக் காரணம் என்று தெரிய வேண்டும், விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும், அதன் பிறகுதான் பிடித்தம் என்று 1936-ஆம் ஆண்டு ஊதிய வழங்கல் சட்டமே விதித்தது. வாசலில் நிற்கும் ஃபிட்டரைத் திட்டித் தீர்ப்பதால் வாடிக்கையாளருக்கும் பைசா லாபம் இல்லை. 'துளை உதிர்ந்திருந்தது' என்று அவர் எழுதிக் கொடுக்கும் இரண்டு வரி, உற்பத்தி நிறுவனத்துக்கு எதிராக நல்ல சாட்சியமாகும்.

தீர்ப்பு வந்த பிறகு

ஆணையம் உத்தரவு போட்டும் பணம் தராமல் இழுத்தடிப்பவர்கள் இருக்கிறார்கள். மேல்முறையீடு செய்ய 45 நாள் அவகாசம். கம்பெனி மேலே போவதென்றால் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். சில ஆயிரம் ரூபாய்க் கட்டில் வழக்கில் பல கம்பெனிகள் இந்தக் கட்டத்தில்தான் பேச்சுவார்த்தைக்கு இறங்கிவருகின்றன. மேல்முறையீடும் இல்லாமல், பணமும் தராமல் இருந்தால் சிவில் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே உத்தரவை நிறைவேற்றச் சொல்லி மனுப் போடலாம். அதோடு உத்தரவை மீறியவருக்கு ஒரு மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் 1 லட்ச ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டும் என்கிறது சட்டத்தின் 72-வது பிரிவு. இந்த மனுவைத் தீர்ப்புச் சொன்ன அதே ஆணையத்திடம் கொடுத்தால் போதும்.